நாற்காலியைக் கவிழ்த்துப் பார்ப்பவர்

என் அக்காவின் நிக்காஹ் அன்று, மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டிய கூட்டம் என் சீனியரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மண்டபத்துக்குள் வந்தார். அத்தாவின் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார். முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதன் அடிப்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார். நிதானமாக, நிலப்பத்திரம் படிக்கிற மாதிரி.

"ஏம்மா, உன் வக்கீல் சார் கல்யாணத்துக்கு வந்திருக்காரா, நாற்காலி வாங்க வந்திருக்காரா?" என்று அத்தா என் காதில் கேட்டார்.

"சும்மா இருங்க அத்தா, அது அவரோட மெத்தட்" என்றேன். அப்போதெல்லாம் அவர் தும்மினாலும் எனக்கு அது மெத்தட்தான்.

அவர் தொழில் இதுதான். மிக்சி வெடித்தது, குக்கர் மூடி பறந்தது, ஏணி முறிந்தது, கீசர் ஷாக் அடித்தது என்று யாராவது வழக்குப் போட்டால், அந்த மிக்சியையும் ஏணியையும் செய்த கம்பெனிக்காக வாதாடுவார். வாழ்நாள் முழுக்க அது மட்டும்தான். கொச்சியில் மற்ற வக்கீல்கள் கிடைத்த வழக்கை எடுப்பார்கள். இவர் சொத்துத் தகராறைத் தொட மாட்டார், விவாகரத்தைத் தொட மாட்டார். கம்பெனிதான் தன் கட்சிக்காரர் என்றுகூட அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. அவருக்குக் கட்சிக்காரர் அந்தப் பொருள்.

"அடிபட்டவனுக்கு வாய் இருக்கு மோளே. அவன் சொல்லுவான், அவன் பெண்டாட்டி சொல்லுவா, பேப்பர்காரன் எழுதுவான். மிக்சிக்கு வாய் இருக்கா? அதுக்காகப் பேச ஒரு ஆள் வேண்டாமா?"

மோளே என்றால் மகளே, என்னை அப்படித்தான் கூப்பிடுவார். இதை எனக்கு மட்டுமல்ல, சாயா கொண்டுவருகிறவருக்கும், கரண்ட் பில் கொடுக்க வருகிறவருக்கும் சொல்லியிருக்கிறார்.

நானோ சட்டக் கல்லூரியில் பெரிய கம்பெனிகளின் சட்டையைப் பிடித்து உலுக்குவதாகச் சபதம் போட்டவள். பேச்சுப் போட்டியில் அதற்குக் கோப்பைகூட வாங்கியிருக்கிறேன். அப்புறம் ஏன் இவரிடம் போய்ச் சேர்ந்தேன் என்றால், விண்ணப்பம் அனுப்பிய மற்ற ஆபீஸ்களில் ஒருவரும் பதில் போடவில்லை. இந்த ஆபீஸ் மட்டாஞ்சேரி பஜாரில், எங்கள் வீட்டிலிருந்து மதியச் சோற்றுக்கு வந்துபோகிற தூரத்தில் இருந்தது. கொள்கை என்றால் எனக்கு அவ்வளவுதான்.

சுக்கு, மிளகு மூட்டைகள் அடுக்கிய கிடங்கின் மாடியில் ஆபீஸ். மரப்படி, மரத்தளம். உள்ளே நுழைந்தால் வக்கீல் ஆபீஸ் மாதிரியே இருக்காது, வீட்டு உபயோகப் பொருள் கடை நொடித்துப்போய் மிச்சத்தை அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். ஒரு வழக்கை எடுக்கும் முன் கம்பெனியிடம் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: அதே மாடலில் ஒரு உருப்படி. அது வந்ததும் ஆபீஸில் வைத்துத் தானே உபயோகிப்பார். ஷாக் அடித்ததாகச் சொல்லப்பட்ட கெட்டிலில்தான் எங்களுக்குச் சாயா. கழுத்து ஒடிந்து விழுந்ததாகச் சொல்லப்பட்ட மின்விசிறியின் கீழேதான் என் மேஜை.

முதல் நாள் அந்தக் கெட்டிலைப் போடச் சொன்னபோது, ஒரு துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு தூரத்திலிருந்து அளவுகோலால் சுவிட்சைத் தட்டினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"நல்ல காரியம். துண்டு ஈரம். அளவுகோல் இரும்பு."

விளக்கப் புத்தகங்களை அவர் படித்த மாதிரி யாரும் எதையும் படித்து நான் பார்த்ததில்லை. பொருளோடு பெட்டிக்குள் வருமே, நாமெல்லாம் பாலித்தீன் உறையோடு தூக்கிப் போடுகிற அந்தப் புத்தகம். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சத்தமாக வாசிப்பார். "'தங்களது ஜாரை அதிகமாக நிரப்புவதைத் தவிர்த்து மகிழவும்.' கேட்டியா மோளே? தவிர்த்தா போதாதாம், மகிழணுமாம்!" என்று தொடையைத் தட்டிச் சிரிப்பார். குச்சி மாதிரி ஆள். சிரித்தால் கறுப்புக் கோட்டு தனியாகவும் அவர் தனியாகவும் குலுங்கும்.

குறுக்கு விசாரணையில் அவர் ஒருபோதும் குரல் உயர்த்தியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிதான் ஆரம்பிப்பார்.

"சேச்சி, குக்கர் வாங்கிட்டு வந்து பெட்டியைத் திறந்தீங்கல்ல? முதல்ல என்ன எடுத்தீங்க?"

"குக்கரைத்தான் சாரே."

"அதுக்கு மேல ஒரு புத்தகம் இருந்திருக்குமே?"

"இருந்துச்சு."

"அது இப்ப எங்கே?"

அவ்வளவுதான். அந்த அம்மாள் முழிப்பார், நாங்கள் ஜெயிப்போம். எனக்குப் புல்லரிக்கும். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி எடுப்பேன். ஒருநாள் கிரைண்டர் ஓடவில்லை என்று அம்மா முணுமுணுத்தபோது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அம்மா, இதை வாங்கினப்போ கூட ஒரு புத்தகம் வந்திருக்குமே?" என்று ஆரம்பித்தேன்.

"உன்னைப் பெத்தப்போகூட ஆஸ்பத்திரியில புத்தகம் எதுவும் குடுக்கல. வளர்க்கலையா? போய் மாவை எடுத்துட்டு வா" என்றார் அம்மா. என் முதல் குறுக்கு விசாரணை அப்படி முடிந்தது.

தோற்றுப் போனவர்களுக்கு அவர்மேல் கோபமே வராது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கீசர் வழக்கில் தோள் வெந்துபோன ஒரு பெரியவர், தீர்ப்புக்குப் பிறகு வராந்தாவில் சாரைத் தேடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு என் மேலதான் சாரே. நீங்க சொன்னதுக்கப்புறம்தான் புரிஞ்சது. இத்தனை நாளா அந்தக் கம்பெனியைத் திட்டிக்கிட்டு இருந்தேன்." நான் பூரித்துப் போனேன். எதிராளியே நன்றி சொல்கிறார் என்றால் அதற்கு மேல் என்ன வெற்றி? திரும்பி வரும் வழியில் அதையே நாலு விதமாகப் புகழ்ந்து பேசினேன். சார் ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். "அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு எதையும் எடுத்துக்கொள்ள நேரமே ஆகாது.

பிறகுதான் நாற்காலி வழக்கு வந்தது.

வழக்குப் போட்டவர் பள்ளுருத்தியில் தேய்ப்புக்கடை வைத்திருந்த தமிழ் அக்கா. நாள் முழுக்க நின்றபடி துணி தேய்க்கிறவர். கடைக்குப் புதிதாக வழவழ டைல்ஸ் போட்டு, கூடவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வாங்கியிருக்கிறார். சாயா நேரத்துக்கு அதில் உட்கார்ந்தபோது நாலு காலும் நாலு திசைக்கு விரிந்து, அக்கா கையை ஊன்றி விழுந்தார். வலது மணிக்கட்டு நொறுங்கியது. ஒரு ஆபரேஷன் ஆகியும் கை திரும்பவில்லை. இரண்டாவது ஆபரேஷன் செய்தால் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வழக்கு அந்த ஆபரேஷன் செலவுக்காகத்தான். கிடைத்தால் கை, கை இருந்தால் கடை. இல்லாவிட்டால் இரண்டும் இல்லை. கடை அதற்குள் பாதிநாள் பூட்டித்தான் கிடந்தது.

சார் அவரைக் கேட்டது எனக்கு இன்னும் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"அக்கா, துணி தேய்க்கும்போது தண்ணி தெளிப்பீங்கல்ல?"

"தெளிக்காம எப்படி சார் மடிப்பு நிக்கும்?"

"அந்தத் தண்ணி தரையிலயும் விழும்?"

"கொஞ்சம் விழும்."

"நாற்காலிக்கு அடியில ஒட்டியிருக்கிற காகிதத்துல, ஈரமான வழவழப்பான தரையில போடக்கூடாதுன்னு எழுதியிருக்கு. படிச்சீங்களா?"

"அடியிலயா? அதை எப்ப சார் படிக்கிறது? நாற்காலியைக் கவிழ்த்தா எங்கே உக்கார்றது?"

ஹால் முழுக்கச் சிரித்தது. சாரும் சிரித்தார். ஆனால் 'கொஞ்சம் விழும்' என்பது பதிவாகிவிட்டது. அது போதும் எங்களுக்கு. அக்கா கூண்டிலிருந்து இறங்கும்போது, "நாள் பூரா நிக்கிறேன், ஒண்ணும் ஆகல. உக்காந்த நேரத்துலதான் விழுந்தேன்" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். அதைப் பதிவு செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இத்தோடு விட்டிருந்தால் வாதம் பேசி ஜெயித்திருப்போம். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அதே மாடல் நாற்காலி எங்கள் ஆபீஸில் இருந்தது. நாளெல்லாம் அதில்தான் நான் உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. எங்கள் ஆபீஸ் மரத்தளம், சொரசொரப்பு, அங்கே எந்த நாற்காலியும் வழுக்காது என்பது என் மூளைக்கு எட்டவில்லை. நேரே கம்பெனியின் சட்டப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் தட்டினேன்: நுகர்வோர் கமிஷன் முன்னால் அதே நாற்காலியைக் கொண்டுபோய் வைத்து, சார் அதில் உட்கார்ந்து காட்டினால் எப்படி இருக்கும்? நாலைந்து ஆச்சரியக்குறி போட்டேன். அவர்களும் ஆச்சரியக்குறியோடு பதில் போட்டார்கள்.

சாரிடம் அச்செடுத்துக் கொடுத்தேன். படித்தார். விளக்கப் புத்தகம் படிக்கிற அதே நிதானம்.

"இது உன் யோசனையா?"

"ஆமா சார்."

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..."

"ஆயிடுச்சு" என்றார்.

விசாரணை நாளன்று நாற்காலியை ஆட்டோவின் கூரையில் கட்டி எறணாகுளம் கொண்டுபோனோம். கறுப்புக் கோட்டோடு நான் அதைத் தலையில் சுமந்து படியேறியபோது, "சேச்சி, பந்தல் எங்கே?" என்று ஒருவர் கேட்டார். அதற்கும் நான் கம்பீரமாகத்தான் சிரித்தேன்.

கமிஷனின் தலைவர் ஒரு அம்மையார். அனுமதி கொடுத்தார். நாற்காலியை நடுவில் வைத்தேன். தரை நல்ல வழவழ டைல்ஸ். எதிர்த்தரப்பு வக்கீல் என்னைவிடச் சின்னவன், கல்லூரியில் எனக்கு ஜூனியராகப் படித்தவன். எழுந்து, "கடையில தண்ணி தெளிச்சிருந்ததுன்னு கம்பெனி தரப்புலதானே சொன்னாங்க மேடம். அப்ப இங்கேயும் தெளிக்கணும்" என்றான். நியாயம்தானே. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நாற்காலிக் கால்களைச் சுற்றித் தெளித்தான். நானும் என் பாட்டிலை எடுத்து, அவன் விட்ட இடத்திலெல்லாம் தெளித்தேன். நேர்மை வேண்டாமா? சார் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். நாற்காலிக்கு முன்னால் வந்து, திரும்பி நின்று, உட்காரக் குனிந்தார்.

"சார், வேண்டாம்!"

தேய்ப்புக்கடை அக்கா. பெஞ்சிலிருந்து எப்போது எழுந்தார், எப்படி ஓடிவந்தார் என்று நான் பார்க்கவில்லை. சாரின் கோட்டுக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காராதீங்க சார். உங்க வயசுல விழுந்தா எழுந்திரிக்க முடியாது. எனக்குத் தெரியும் அந்த விழுகை."

எதிர்த்தரப்புப் பையன் தலையில் கைவைத்துக்கொண்டான். தன் கட்சிக்காரரே தன் வழக்கைக் கெடுத்தால் அவன் என்ன செய்வான்? சாருக்கோ அத்தனை வருடத்துப் பழக்கம், கேள்வி தானாக வந்தது. குனிந்த நிலையிலேயே, அதே பக்கத்து வீட்டுக் குரலில் கேட்டார்:

"நான் உக்காந்து, விழாம இருந்துட்டா உங்க புகார் பொய்யின்னு ஆயிடும்னு பயமா அக்கா?"

"அப்படியே வச்சுக்கோங்க. பயம்னே எழுதிக்கச் சொல்லுங்க. உக்காராதீங்க."

இவ்வளவு நல்ல பதில் எந்த வக்கீலுக்கும் ஒரு சாட்சியிடமிருந்து கிடைக்காது. என் பேனா பறந்தது. நிமிர்ந்து பார்த்தபோது சார் நேராக நின்றுகொண்டிருந்தார். அக்காவின் கை இன்னும் அவர் கோட்டுக்கையில் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவுன்சல், உட்காரப் போகிறீர்களா?" என்று தலைவர் மலையாளத்தில் கேட்டார்.

"இல்லை மேடம்."

"காரணம்?"

"காரணம் இல்லை. உட்காரவில்லை."

உத்தரவு வந்தபோது அதில் அந்த வரி இருந்தது: கம்பெனியின் வக்கீலே அந்த நாற்காலியில் அந்தத் தரையில் உட்கார மறுத்தார் என்று. எச்சரிக்கையைக் கண்ணில் படாத இடத்தில் ஒட்டியது கம்பெனியின் குறை என்றும் இருந்தது. அக்காவுக்கு ஆபரேஷன் பணம் கிடைத்தது. ஆபரேஷனும் ஆயிற்று. கை இப்போது முக்கால்வாசி திரும்புகிறது, கடை முழுநாளும் திறந்திருக்கிறது. என் கோட்டு அங்கேதான் தேய்க்கப் போகிறது. மடிப்புச் சரியில்லை என்று நான் எப்போதாவது சொன்னால், "தண்ணி கம்மியா தெளிச்சேன் வக்கீலம்மா, உங்களுக்குப் பயந்து" என்கிறார்.

கம்பெனி சாரிடமிருந்து எல்லா வழக்கையும் எடுத்துக்கொண்டது. அதைக் கேட்டு மற்றக் கம்பெனிகளும் மெதுவாக எடுத்துக்கொண்டன. மாதிரிக்குக் கொடுத்த உருப்படிகளைத் திரும்ப ஏற்றிப்போக ஒரு டெம்போ வந்தது. கெட்டில் போனது, மின்விசிறி போனது. ஆபீஸில் எதிரொலி கேட்க ஆரம்பித்தது. பார் அசோசியேஷன் கேன்டீனில் ஒருவர் என் காதில் விழும்படியே சொன்னார்: "கட்சிக்காரனுக்கு துரோகம், வேற என்ன?" சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். சார் சீக்கிரமே தொழிலை விட்டு, ஆலுவாவில் மகள் வீட்டோடு போய்விட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த விசாரணை நாள் சாயந்திரத்தை. நாற்காலியை ஆட்டோவில் கட்ட சார் சம்மதிக்கவில்லை. படகில் போகலாம் என்றார். மட்டாஞ்சேரி படகில் கூட்டம். அவருக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன். பாதிக் காயல் தாண்டும்வரை பொறுத்தேன். எனக்கு அதுவே ரொம்ப அதிகம்.

"சார், நீங்க உட்கார்ந்திருக்கலாம். விழுவீங்கன்னு என்ன நிச்சயம்?"

"விழ மாட்டேன்."

"சார்?"

"நேத்து இந்த நாற்காலியை வீட்டுக்குக் கொண்டுபோய், அடுக்களையில தண்ணி ஊத்தி உக்காந்து பார்த்தேன். பெண்டாட்டி பைத்தியம்னு திட்டினா. திரும்பத் திரும்ப உக்காந்தேன். ஒண்ணும் ஆகல. எனக்கு அத்தனை எடை ஏது? நாள் பூரா நின்னவ உடம்பைப் போட்டு உக்கார்ற மாதிரியா நான் உக்காருவேன்?"

"அப்ப ஜெயிச்சிருப்போமே!"

படகில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மெதுவாகப் பேச வராது.

"ஜெயிச்சிருப்போம்" என்றார். அப்புறம் தன் வலது கோட்டுக்கையை நீவிவிட்டுக்கொண்டார். "அவ என்னை எந்தக் கையால பிடிச்சான்னு பார்த்தியா மோளே?"

நான் பார்க்கவில்லை. நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"வலது கை. அவசரத்துல அதுதான் வந்திருக்கு. முழு பலத்தோட பிடிச்சு நிறுத்தினதா அவ நினைச்சா. எனக்கு ஒரு ஈ உக்காந்த மாதிரி இருந்துச்சு. பிடியே இல்லை அந்தக் கையில."

கோட்டை விட்டுக் கையை எடுத்தார். என்னைப் பார்த்து, "ஏன் நிக்கிறே? அதான் கையில நாற்காலி இருக்கே, போட்டு உக்காரு" என்றார்.

குனிந்து பார்த்தேன். சாரல் அடித்துப் படகின் தரை முழுக்க ஈரம். மட்டாஞ்சேரி வரும்வரை நின்றுகொண்டே வந்தேன்.